கடைசிப் பக்கமும் படிக்கத் தக்கது

புத்தகம் சேர்ப்போர் பல வகையினர். படிப்பதற்காகச் சேர்ப்போர் ஒரு வகை. அலமாரியின் அழகுக்காகச் சேர்ப்போர் மற்றொரு வகை. இவ்விரு வகையிலும் அடங்காத மூன்றாம் வகையினரும் உளர். அவர்கள் புத்தகத்தை ஒரு சாட்சியாகக் கருதுவோர். இந்தப் புத்தகம் எப்போது அச்சாயிற்று, எத்தனை படிகள் அச்சாயின, யார் கையில் இருந்தது, எந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது, ஏன் கிழிக்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டே பக்கங்களைப் புரட்டுவோர். இந்த மூன்றாம் வகையினருக்குச் சோவியத் நாட்டின் பழைய நூல்களைப் போல விருந்தளிப்பவை வேறு இல்லை எனலாம். அந்நூல்களையும், அவற்றோடு சேர்ந்து உலவிய துண்டுத் தாள்களையும் சேகரிக்கும் கலையைப் பற்றிச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1917 அக்டோபர்ப் புரட்சியில் தொடங்கி 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைக்கப்பட்டது வரை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் நூல்களை மலைபோல் அச்சிட்ட அரசு அது. அச்சிட்ட நூல்களையே நூலகங்களிலிருந்து அகற்றிப் பூட்டி வைத்த அரசும் அதுவே. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு பழைய சோவியத் நூல் ஏன் அரிதாகிறது என்பது விளங்கும்.

எழுத்து வடிவமே காலம் சொல்லும்

ஆண்டு அச்சிடப்படாத ஒரு துண்டுப் பிரசுரம் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் காலத்தை எப்படி அறிவது? முதலில் எழுத்தைப் பார்க்க வேண்டும். ரஷ்ய எழுத்துச் சீர்திருத்தம் 1918-இல் நடைமுறைக்கு வந்தது. சில எழுத்துகள் அரிச்சுவடியிலிருந்தே நீக்கப்பட்டன. சொல்லின் இறுதியில் ஒலியின்றி நின்ற ‘வன்குறி’ என்னும் எழுத்தும் அவ்விடத்திலிருந்து விலக்கப்பட்டது. சொல்லின் நடுவில் மட்டும் அது தொடரலாம் என்பதே விதி. ஆனால் அச்சகங்கள் பழைய முறையைக் கைவிட வேண்டும் என்பதற்காக அந்த எழுத்தின் ஈய அச்சுகளையே பல இடங்களில் பறித்துச் சென்றுவிட்டனர். அதனால் சொல்லின் நடுவிலும் வன்குறி போட வழியில்லாமல், அச்சுக் கோப்போர் அதற்குப் பதிலாக மேற்கொம்பு ஒன்றை இட்டனர். ஆகவே, சொல்லின் நடுவில் மேற்கொம்பு காணும் தாள் பெரும்பாலும் புரட்சியை அடுத்து வந்த ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருக்கும். 1978-இல் நம் நாட்டில் ணை, லை, றா போன்ற எழுத்துகள் புது வடிவம் பெற்றதைக் கொண்டு நாம் தமிழ் நூல்களின் காலத்தை ஓரளவு ஊகிக்கிறோம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

மத்திய ஆசியக் குடியரசுகளின் கதை இன்னும் கூர்மையானது. உஸ்பெக் மொழி 1920-களின் பிற்பகுதி வரை அரபு எழுத்தில் அச்சாயிற்று. பின்பு இலத்தீன் எழுத்துக்கு மாற்றப்பட்டது. 1940-இல் ரஷ்யரின் சிரிலிக் எழுத்துக்கு மாற்றப்பட்டது. ஒரே மொழி, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று எழுத்துகள்! பாட்டனார் படித்த புத்தகத்தைப் பேரனால் எழுத்துக்கூட்டியும் வாசிக்க முடியாத நிலை வந்தது. இந்த மூன்று எழுத்துகளிலும் அச்சான மூன்று பள்ளிப் பாடநூல்களை ஒருவர் சேர்த்து வைத்தால், ஒரு வரலாற்று நூல் பல பக்கங்களில் சொல்வதை அவை மேசைமீது கிடந்தபடியே சொல்லிவிடும்.

கடைசிப் பக்கத்தின் கணக்கு

நம் நூல்களில் பதிப்பு விவரத்தை முதற் பக்கங்களில் தேடுவது வழக்கம். சோவியத் நூலில் கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். பலரும் கண்ணெடுத்தும் பாராத வரிகள் அவை. சேகரிப்போருக்கு அவையே முதற்பாடம்.

முதலில் இரண்டு தேதிகள். ஒன்று, கையெழுத்துப் படி அச்சுக் கோப்புக்குக் கொடுக்கப்பட்ட நாள். மற்றொன்று, அச்சிடலாம் என்று கையொப்பம் இடப்பட்ட நாள். இரண்டுக்கும் இடையே சில திங்கள் இருப்பது இயல்பு. இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீண்டிருந்தால் அந்நூல் எங்கோ தடுக்கி நின்றிருக்கிறது என்று ஐயுறலாம். பல நூல்களில் இவ்வரிகளோடு ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்து காணப்படும். அது ‘கிளாவ்லித்’ எனப்பட்ட தணிக்கைத் துறையின் அனுமதி எண்.

அடுத்தது தாளின் அளவு. ‘84 × 108 1/32’ என்று இருந்தால், 84 செ.மீ. அகலமும் 108 செ.மீ. நீளமும் உள்ள முழுத்தாள் 32 இலைகளாக மடிக்கப்பட்டது என்று பொருள். 84-ஐ நான்காலும் 108-ஐ எட்டாலும் வகுத்துப் பார்த்தால் 21 × 13.5 செ.மீ. வரும். ஓரம் வெட்டிய பிறகு சுமார் 20 × 13 செ.மீ. நிற்கும். கையில் உள்ள நூல் இதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சிறியதாக இருந்தால், அது பிற்காலத்தில் மறுகட்டு செய்யப்பட்டு ஓரம் வெட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். இதற்கு ஓர் அடிகோலே போதும்.

பின்பு ‘ஆசிரியர்த் தாள்’, ‘பதிப்புத் தாள்’ என்ற கணக்குகள் வரும். ஓர் ஆசிரியர்த் தாள் என்பது இடைவெளிகளையும் நிறுத்தக் குறிகளையும் சேர்த்து 40,000 எழுத்துகள். கவிதையானால் 700 அடிகள். எழுத்தாளருக்குரிய ஊதியம் இந்தக் கணக்கின்படியே அளக்கப்பட்டது. இதை அறிந்தால், அந்நாட்டு எழுத்தாளரின் வாழ்வு எந்த அளவுகோலில் ஓடியது என்பதும் புரியும்.

அதற்கடுத்தது ‘திராஷ்’, அதாவது அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை. இந்த எண்ணை மறைக்காமல் வெளியிடும் வழக்கம் சேகரிப்போருக்குப் பெரிய உதவி. சில நூல்களில் மொத்த எண்ணிக்கையோடு அடைப்புக் குறிக்குள் ‘முதல் ஸவோத்’ என்று ஒரு சிறிய எண்ணிக்கையும் இருக்கும். மொத்த அச்சையும் ஒரே மூச்சில் முடிக்காமல் பகுதி பகுதியாக அச்சிட்டதையே அது குறிக்கிறது.

இறுதியாக ‘த்ஸெனா’, அதாவது விலை. பெரும்பாலும் அட்டையின் பின்புறத்திலும் இதைக் காணலாம். 1961 ஜனவரி முதல் நாளில் பத்துப் பழைய ரூபிள் ஒரு புதிய ரூபிளாக மாற்றப்பட்டது. அதற்குச் சற்று முன் வெளிவந்த நூல்களில் ஒரு விலையும், ‘1961 ஜனவரி 1 முதல்’ என்ற குறிப்போடு பத்தில் ஒரு பங்கான மறு விலையும் அச்சாகியிருக்கும். எட்டு ரூபிள் ஐம்பது கோபெக் புத்தகம் மறுநாள் எண்பத்தைந்து கோபெக். ஒரு நாட்டின் நாணய மாற்றம் ஒரு சிறுகதைத் தொகுப்பின் முதுகில் பதிந்து நிற்பதை வேறு எங்கே காண முடியும்?

எது அரிது?

அச்சிட்ட எண்ணிக்கை குறைவானால் நூல் அரிது என்று எண்ணுவது இயல்பு. அது பாதி உண்மையே. தப்பிப் பிழைத்த எண்ணிக்கையே முக்கியம்.

1920-களில் வெளிவந்த சிறுவர் படநூல்களை எடுத்துக்கொள்வோம். கவிஞர் மார்ஷாக் எழுத, ஓவியர் லெபெதெவ் படம் வரைந்த நூல்கள் இன்று உலகெங்கும் தேடப்படுகின்றன. மெல்லிய தாள், நடுவில் இரண்டு கம்பித் தையல், சில பக்கங்களே. ஆயிரக்கணக்கில் அச்சானவை. ஆனால் குழந்தைகள் கையில் போன புத்தகம் பிழைக்குமா? கசங்கின, கிழிந்தன, கிறுக்கப்பட்டன. கிறுக்கலின்றி மீண்ட படி ஒன்று கிடைத்தால் அது புதையல். இந்நூல்கள் பலவற்றை வெளியிட்டது லெனின்கிராடில் 1922 முதல் 1930 வரை இயங்கிய ‘ராதுகா’ என்னும் தனியார் பதிப்பகம். 1982-இல் மாஸ்கோவில் அதே பெயரில் அரசுப் பதிப்பகம் ஒன்று தோன்றியது. தமிழில் நாம் கண்ட ராதுகா இந்தப் பிந்தியதே. ‘வானவில்’ என்று பொருள்படும் ஒரே பெயர். இடையே அரை நூற்றாண்டு. விலைப்பட்டியல்களில் இவ்விரண்டும் குழம்புவதுண்டு.

1923-இல் பெர்லினில் அச்சான மாயகோவ்ஸ்கியின் ‘குரலுக்காக’ என்ற தொகுப்பு வேறு வகை அரிது. எல் லிஸித்ஸ்கி அதை வடிவமைத்தார். தொலைபேசி முகவரிப் புத்தகத்தில் உள்ளதுபோல் பக்க ஓரத்தில் படிப்படியாக வெட்டிய காதுகள் இருக்கும். மேடையில் உரக்கப் படிப்பவர் வேண்டிய கவிதையை விரலால் உடனே திறக்கலாம். நூலின் பயனே அதன் வடிவைத் தீர்மானித்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று காண்பது கடினம்.

போர்க்காலம் மூன்றாவது காரணம். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டிருந்தது. பட்டினியும் பனியும் வாட்டிய அந்நகரில் குளிர் காய மக்கள் தம் புத்தகங்களையே அடுப்பிலிட்டனர். அதே நகரில் அதே காலத்தில் புதிய நூல்களும் அச்சாயின. அந்த மட்டமான மெல்லிய தாளைத் தொடும்போது சேகரிப்போரின் கை நடுங்குவதில் வியப்பில்லை.

வெட்டிய பக்கமும் மை பூசிய முகமும்

நான்காவது காரணம்தான் யாவற்றினும் கொடியது, அரசே அழித்தது. ஒருவர் பதவியிழந்து ‘மக்கள் பகைவர்’ என்று தண்டிக்கப்பட்டால், அவர் எழுதிய நூல்களும் அவர் படம் உள்ள நூல்களும் நூலக அடுக்குகளிலிருந்து மறைந்தன. சில அழிக்கப்பட்டன. சில ‘ஸ்பெத்ஸ்கிரான்’ என்ற தனிப் பூட்டறைக்குப் போயின. ஸோல்ஷெனித்ஸினின் ‘இவான் தெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ 1962-இல் ‘நோவி மீர்’ இதழில் வந்தது. மறு ஆண்டில் ‘ரோமான் கஸேத்தா’ வரிசையில் மட்டும் 7 லட்சம் படிகள் அச்சாயின. 1974-இல் ஆசிரியர் நாடு கடத்தப்பட்டதும் அவருடைய நூல்களை நூலகங்களிலிருந்து அகற்ற ஆணை பிறந்தது. ஏழு லட்சமும் ஒருவரைக் காப்பாற்றுவதில்லை! இன்று அந்த மலிவுத் தாள் இதழைப் பத்திரமாக வைத்திருப்பவர், அன்று யாரோ ஒருவர் துணிந்து ஒளித்து வைத்ததன் பயனையே பெற்றிருக்கிறார்.

பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் கதை பலரும் கேள்விப்பட்டதே. அதன் இரண்டாம் பதிப்பின் ஐந்தாம் தொகுதியில் காவல்துறைத் தலைவர் பேரியாவைப் பற்றி நீண்ட கட்டுரையும் படமும் இருந்தன. 1953-இல் பேரியா கைதாகிக் கொல்லப்பட்டார். 1954-இல் சந்தாதாரர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. 21 முதல் 24 வரையுள்ள பக்கங்களையும் படத்தையும் கத்திரியாலோ சவரத் தகட்டாலோ நீக்கிவிட்டு, அனுப்பப்பட்ட புதிய பக்கங்களை ஒட்டிக்கொள்ளுமாறு அது கூறியது. அகர வரிசையில் அருகிலிருந்த பேரிங் கடலைப் பற்றிய செய்திகள் அந்தப் புதிய பக்கங்களில் பெருகியிருந்தன. ஆகவே இத்தொகுதி மூன்று நிலைகளில் கிடைக்கக் கூடும். வெட்டாதது ஒன்று, வெட்டி ஒட்டியது ஒன்று, பழைய பக்கத்தை வெட்டாமல் புதியதையும் உள்ளே செருகி வைத்தது ஒன்று. மூன்றாவதைச் செய்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் எண்ணம் என்னவென்று ஓரளவு தெரிகிறது அல்லவா?

கலைஞர் ரோத்சென்கோவின் வீட்டில் இருந்த படியோ நெஞ்சை உலுக்குவது. ‘பத்து ஆண்டுகளின் உஸ்பெகிஸ்தான்’ என்ற படத் தொகுப்பை 1934-இல் அவர் வடிவமைத்தார். சில ஆண்டுகளில் அதில் படம் இடம்பெற்ற தலைவர்கள் பலர் களையெடுக்கப்பட்டனர். அவர்கள் படம் உள்ள நூலை வைத்திருப்பதே ஆபத்து. தாம் அழகுறச் செய்த நூலிலேயே அந்த முகங்கள்மீது ரோத்சென்கோ தம் கையாலேயே கறுப்பு மை பூசினார்.

இந்தப் படியை உலகறியச் செய்தவர் டேவிட் கிங் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர். பத்திரிகைக் கலை ஆசிரியரான அவர் 1970-இல் மாஸ்கோ சென்று ட்ராட்ஸ்கியின் படங்களைத் தேடினார். அங்கே அவை கிடைக்கவில்லை. அன்று தொடங்கிய தேடல் அவர் வாழ்நாள் முழுதும் நீண்டது. ஒரே புகைப்படத்தின் வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, எந்த ஆண்டில் எந்த மனிதர் படத்திலிருந்து மறைந்தார் என்று காட்டினார். அவருடைய ஆய்வு நூல் 1997-இல் வெளிவந்தது. இரண்டரை லட்சம் அளவிலான அவருடைய சேகரிப்பு 2016-இல் லண்டன் டேட் கலைக்கூடத்துக்குச் சென்றது. பெரிய ஆவணக்காப்பகங்கள் செய்யாததை, பழைய புத்தகக் கடைகளில் குனிந்து தேடிய ஒரு மனிதர் செய்தார்.

துண்டுத் தாள்களின் பெருமை

நூல்கள் மட்டுமே சேகரிக்கத் தக்கவை என்று எண்ண வேண்டா. தூக்கியெறிவதற்கென்றே அச்சிடப்பட்ட தாள்கள் சில சமயம் நூலைவிட அதிகம் பேசும். தீப்பெட்டி மேலொட்டுகள், சட்டைப்பை நாட்காட்டிகள், மே தின வாழ்த்து அட்டைகள், நாடக நிகழ்ச்சி நிரல்கள் ஆகியன இவ்வகை. டிராம் வண்டிச் சீட்டின் ஆறு இலக்கங்களில் முதல் மூன்றன் கூட்டுத் தொகை கடைசி மூன்றன் கூட்டுத் தொகைக்குச் சமமானால் அது ‘அதிர்ஷ்டச் சீட்டு’. அதை வாயிலிட்டு மென்று விழுங்கினால் நினைத்தது நடக்கும் என்பது அங்கே வழங்கிய வேடிக்கை நம்பிக்கை. அதிர்ஷ்டச் சீட்டுகள் அரிதாகக் கிடைப்பதன் காரணம் இப்போது விளங்குமே!

பழைய தாள் சீட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். 1974-இல் அங்கே ஒரு திட்டம் வந்தது. 20 கிலோ பழைய தாளைக் கொண்டுவந்து போட்டால் ஒரு சீட்டு தரப்படும். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் டூமாவின் ‘அரசி மார்கோ’ போன்ற நூல்களை வாங்கலாம். விரும்பிய நூல் கடையில் எளிதில் கிடைக்காத தட்டுப்பாட்டை அந்தச் சின்னஞ்சிறு சீட்டு ஒளிவு மறைவின்றிச் சொல்கிறது. அந்த 20 கிலோவில் எத்தனை அரிய நூல்கள் கூழாகியிருக்குமோ!

அச்சகமே காணாத நூல்களும் உண்டு. தடுக்கப்பட்ட எழுத்துகளைத் தட்டச்சுப் பொறியில் கரித்தாள் வைத்துப் படியெடுத்துக் கைமாற்றிய ‘சமிஸ்தாத்’ ஏடுகள் அவை. கடைசிப் படியில் எழுத்து மங்கி, படிப்பவர் கண்ணுக்கு வலி தரும். பதிப்பு விவரமும் இல்லை, விலையும் இல்லை. பெயர் தெரிந்தால் சிறை என்பதால் பெயரும் இல்லை.

மாஸ்கோவில் அச்சான தமிழ்

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று தமிழ் மாணவர் ஒதுக்கிவிட முடியாது. மாஸ்கோவில் தமிழ் அச்சாயிற்று. 1931-இல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கான வெளியீட்டு நிறுவனமாகத் தொடங்கி, பின்பு அயல்மொழிப் பதிப்பகமாகி, 1963-இல் முன்னேற்றப் பதிப்பகம் என்ற பெயர் பெற்ற நிறுவனம் தமிழிலும் நூல்களை வெளியிட்டது. இலக்கியப் பகுதி 1982-இல் ராதுகாவாகப் பிரிந்தது. அறிவியல் நூல்களை மீர் பதிப்பகம் வெளியிட்டது. எனவே பதிப்பகத்தின் பெயரே நூலின் காலத்தைப் பாதி சொல்லிவிடும். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் முதலியோர் மாஸ்கோவில் தங்கி மொழிபெயர்த்தனர். தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ கிருஷ்ணையாவின் தமிழிலும், பொலிவோயின் ‘உண்மை மனிதனின் கதை’ சோமசுந்தரத்தின் தமிழிலும் நம்மிடம் வந்தன. 1951-இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவற்றை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. கட்டுக்கோப்பான அட்டை, வண்ணப் படங்கள், மிகக் குறைந்த விலை. நூலகம் இல்லாத வீட்டிலும் அவை நுழைந்தன.

1991-க்குப் பின் அந்த வரத்து நின்றது. பல நூல்களை இங்குள்ள பதிப்பகங்கள் மறுபதிப்புச் செய்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் மாஸ்கோவில் அச்சான படிக்குத் தனி மதிப்பு உண்டு. அதன் கடைசிப் பக்கத்திலும் ரஷ்ய மொழியில் அந்தப் பொடி வரிகள் இருக்கும். பல படிகளில் காணும் எண் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டைத் தெரிவிக்கும். ‘சோவியத் நாடு’ முதலிய வழவழப்பான இதழ்களின் கதி வேறு. பள்ளிப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடுவதற்கு அவற்றைப் போல் உகந்த தாள் கிடையாது. ஆகவே முழு இதழ் கிடைப்பது இன்று அருமையாகிவிட்டது.

தொடங்குவோருக்குச் சில குறிப்புகள்

முதலாவது, எல்லாவற்றையும் சேர்க்க முயல வேண்டா. ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு பதிப்பகம், ஓர் ஓவியர் என்று ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வாங்குமுன் கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 1920-களின் புகழ்பெற்ற நூல்களுக்குப் பிற்காலத்தில் அச்சு அசலாக நகற்பதிப்புகள் வந்துள்ளன. அவற்றின் உண்மை ஆண்டைப் பதிப்பு வரிகளே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, நூலில் உள்ள பழைய தடயங்களை அழிக்கலாகாது. நூலக முத்திரை, பரிசளிப்பு வாசகம், பழைய கடையின் விலைச் சீட்டு, பிழைதிருத்தத் தாள், அடிக்கப்பட்ட பெயர் யாவும் அந்நூலின் வரலாறு. ‘அழுக்கு’ என்று அவற்றைச் சுரண்டுவது கல்வெட்டைச் சுண்ணாம்பு பூசி மெழுகுவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, நம் வெப்பமும் ஈரமும் தாளுக்குப் பகை. மலிவுத் தாளில் உள்ள அமிலம் அதை மஞ்சளாக்கி நொறுக்கும். கம்பித் தையல் துருவேறித் தாளைத் தின்னும். ஒட்டு நாடாவை ஒருபோதும் பயன்படுத்தலாகாது; சில ஆண்டுகளில் அது நீங்காத கறையாகிவிடும். சுவரை ஒட்டாத அலமாரி, காற்றோட்டம், அடிக்கடி தூசி தட்டுதல் ஆகியவையே சிறந்த மருந்து.

ஐந்தாவது, எங்கே, எப்போது, என்ன விலைக்குக் கிடைத்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். குறிப்பில்லாத சேகரிப்பு வெறும் குவியல்.

இன்று பல நூல்களின் மின்வடிவம் இருந்த இடத்திலேயே கிடைக்கிறது. படிப்பதற்கு அது போதும் என்பாரும் உளர். படிப்பதற்குப் போதும்தான். ஆயினும் கலைக்களஞ்சியத்தில் சவரத் தகடு சென்ற தடமும், ஒரு கலைஞன் அச்சத்தோடு பூசிய மையும் அந்தந்தத் தாளில்தான் இருக்கின்றன. எடைக்குப் போடப்படும் ஒரு கட்டுப் பழைய தாளில் அத்தகைய ஒன்று இருக்கலாம். நம் ஊர்ப் பழைய தாள் கடைத் தராசில் இன்றும் மாஸ்கோவில் அச்சான ஒரு தமிழ் நூல் ஏறக்கூடும். தராசு இறங்குமுன் அதைப் புரட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், மாணவ நண்பர்களே. முதற் பக்கத்தை அல்ல, கடைசிப் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள்.